இரக்கம் கேட்காத படங்கள்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு திரையிடலுக்கு முன் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



உலக சினிமா பற்றிப் பேசச் சொன்னாங்க. 'உலக சினிமா' என்பதே நமக்குக் கொஞ்சம் தூரத்துச் சொல். அதைச் சொல்கிற வாயும் கேட்கிற காதும் நெடுங்காலமாக ஒரே தெருவைச் சேர்ந்தவையாக இருந்திருக்கின்றன. படம் முடிஞ்சதும் ஷாட், ஃபிரேம், லைட்டிங் என்று பேசுவது, வாயில் நுழையாத பெயர்களை யார் முதலில் சொல்வது என்று போட்டி போடுவது, இதையெல்லாம் பார்த்துவிட்டு 'இது நம்ம இடம் இல்ல'ன்னு வாசலோடு திரும்பிய பிள்ளைகள் நம்மில் உண்டு. இன்னொரு பக்கம் நம்ம தோழர்களே கேட்கிறாங்க: "களத்துல இவ்வளவு வேலை கெடக்கு. ஒருத்தி உருளைக்கிழங்கு தோல் சீவுறத உக்காந்து பாத்து என்ன ஆகப்போவுது?"

இந்தக் கேள்வியை நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரம் என்பது உழைக்கிறவனுக்குச் சும்மா கிடைக்கிற பொருள் இல்லை. எனவே இன்றைக்கு நான் சொல்லப்போகிற ஆறு படங்களும் அந்தக் கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கின்றன என்று பார்க்கலாம்.

வெகுசன சினிமா ஒடுக்கப்பட்டவர்களுக்கு வழக்கமாக இரண்டு வேலைகளைத்தான் கொடுத்து வந்திருக்கிறது. ஒண்ணு, அடிவாங்குற உடம்பு. இன்னொண்ணு, காப்பாத்த வந்தவனை நன்றியோட பாக்குற கண்ணு. இரண்டுமே பார்வையாளனிடம் இரக்கம் கேட்கின்றன. இரக்கம் மேலேயிருந்து கீழே விழுகிற ஒன்று. அதை வாங்கிக்கொள்ள நாம் கீழே இருந்தாக வேண்டும். இந்தப் பிம்பங்களுக்கு வெளியே நம்மைப்போன்ற மனிதர்களைப் பார்ப்பது எப்படி? இந்தக் கேள்வியை வெவ்வேறு நாடுகளில் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டடைந்த விடைகளைத்தான் பரிந்துரைக்கிறேன்.

முதலில் செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன். 1923இல் பிறந்தவர். பிரான்சின் மார்செய்ல் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், தொழிற்சங்கத்தில் இருந்தவர், அந்த அனுபவத்திலிருந்து 1956இல் முதல் நாவலை எழுதியவர். நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கியபின் அவருக்கு ஒன்று உறைக்கிறது: நான் யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவர்களால் என்னைப் படிக்க முடியாது. பிரெஞ்சு மொழி அவர்களுக்குத் தெரியாது. எழுதப் படிக்கவே பலருக்குத் தெரியாது. நாற்பதை நெருங்கும் வயதில் மாஸ்கோவுக்குப் போய் சினிமா கற்றுக்கொண்டு வருகிறார். எழுத்தாளர்களாகிய நாம் இந்த முடிவின் கனத்தை யோசித்துப் பார்க்க வேண்டும்.

1966இல் அவர் எடுத்த 'லா நுவார் து...' ஏறக்குறைய ஒரு மணி நேரப் படம். தலைப்பைப் பாருங்கள், முடியாமல் புள்ளிகளில் நிற்கிறது. பிரெஞ்சில் 'து' என்றால் 'இன்ன ஊரிலிருந்து' என்றும் பொருள், 'இன்னாருடைய' என்றும் பொருள். இன்னாருடைய கறுப்பி. "யாரு வீட்டு ஆளு நீ?" என்று விசாரிக்கப்பட்டவர்களுக்கு இந்தப் புள்ளிகளில் யார் பெயர் வரும் என்று விளக்க வேண்டியதில்லை. தியுவானா என்கிற இளம்பெண் டக்காரில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக்குக் குழந்தை பார்த்துக்கொள்ளச் சேர்கிறாள். பிறகு அவர்களோடு பிரான்சுக்கே போகிறாள். அங்கே போனால் சமையல், பெருக்கல், துவைத்தல். அவள் பார்த்த பிரான்ஸ் அந்த வீட்டின் நாலு சுவர்தான். நல்ல உடுப்பும் குதிகால் செருப்பும் போட்டுக்கொண்டு வீட்டு வேலை செய்கிறாள். அது எசமானிக்குப் பொறுக்கவில்லை. பெரிய அடிதடி எதுவும் இல்லை. அவமானம் ஒரு ஏப்ரன் துணியின் உருவத்தில் வருகிறது.

இந்தப் படத்தின் முடிவைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தாலும் படம் குறையாது. அவள் தற்கொலை செய்துகொள்கிறாள். எசமான் அவளுடைய பெட்டியையும், பாக்கிச் சம்பளத்தையும், அவள் அந்த வீட்டுக்குப் பரிசாகக் கொடுத்திருந்த மரமுகமூடியையும் எடுத்துக்கொண்டு டக்காருக்கு வருகிறான். தாய் பணத்தை வாங்க மறுக்கிறாள். ஒரு சிறுவன் அந்த முகமூடியை மாட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே நடக்கிறான். ஒரு வார்த்தை பேசவில்லை, கல்லெடுத்து வீசவில்லை, சும்மா நடக்கிறான். வெள்ளைக்காரன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வேகமாகப் போகிறான். அதுவரை படம் முழுக்க அவர்கள் அவளைப் பார்த்தார்கள். கடைசியில் பார்க்கிற உரிமை கை மாறுகிறது. இழப்பீட்டுத் தொகையை வாங்கிக்கொண்டு வாயை மூடச் சொல்லும் பஞ்சாயத்துகளைப் பார்த்த தோழர்களுக்கு அந்தத் தாயின் கை நிச்சயம் நினைவில் நிற்கும்.

செம்பேனின் அடுத்த படம் 'மந்தாபி', 1968. மந்தாபி என்றால் மணியார்டர். வேலையில்லாத நடுவயதுக்காரர் ஒருவருக்குப் பாரிஸில் தெருக்கூட்டும் மருமகன் 25,000 ஃபிராங்க் அனுப்புகிறான். பணம் தபால் நிலையத்தில் இருக்கிறது. வாங்க அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்று வேண்டும். பிறப்புச் சான்றுக்குப் பிறந்த தேதி தெரிய வேண்டும். அவருக்குத் தெரியாது. பணம் கைக்கு வருமுன்பே ஊருக்குச் செய்தி பரவி, கடன் கேட்டு ஆள் வந்து, கடைக்காரன் கணக்கெழுதி, வராத பணத்துக்கு அவர் கடனாளி ஆகிறார். சிரிப்புப் படம்தான். நான் வங்கியில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன். கையெழுத்து ஒத்துப்போகவில்லை, ஜெராக்ஸ் இல்லை, நாளைக்கு வாங்க என்பதெல்லாம் என் தொழிலின் அன்றாடச் சொற்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தச் சொற்கள் எப்படிக் கேட்கும் என்பதை இந்தப் படம் காட்டுகிறது. 1960இல் செனகல் விடுதலை அடைந்துவிட்டது, வெள்ளைக்காரன் போய்விட்டான். மேசைக்குப் பின்னால் இப்போது இருப்பவன் கறுப்பன். அதிகாரத்தின் மொழி அப்படியே இருக்கிறது. படம் பேசும் மொழியோ வொலோஃப். தன் மக்களின் மொழியில் அவர் எடுத்த முதல் முழுநீளப் படம் இதுதான். இந்த மொழி விசயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

அடுத்தது ஈரான். ஃபுரூக் ஃபரோக்சாத் ஒரு கவிஞர். 32 வயதில், 1967இல், கார் விபத்தில் இறந்துபோனவர். 1962இல் தப்ரீஸ் நகருக்குப் பக்கத்தில் ஒரு தொழுநோயாளர் குடியிருப்பில் 12 நாட்கள் தங்கி ஒரே ஒரு படம் எடுத்தார். சுமார் 20 நிமிடம். பெயர் 'வீடு கறுப்பாயிருக்கிறது'. தொழுநோயாளருக்கு உதவும் சங்கம் ஒன்றுக்காக எடுக்கப்பட்டது. அப்படிப்பட்ட படங்கள் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்: சிதைந்த விரலைக் காட்டுவார்கள், வயலின் வாசிப்பார்கள், உண்டியல் குலுக்குவார்கள். ஃபுரூக் என்ன செய்கிறார்? முதல் பிம்பமே கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். நாம் அவளைப் பார்ப்பதற்கு முன்பே அவள் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு ஒருத்தி கண்ணுக்கு மை தீட்டுகிறாள், பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், கல்யாணம் நடக்கிறது. ஒருவன் சுவரோரமாகப் போவதும் வருவதுமாக இருக்கிறான், குரல் வாரத்தின் நாட்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறது. இரண்டு குரல்கள் வருகின்றன. ஆண் குரல் மருத்துவம் பேசுகிறது: இது வறுமையோடு சேர்ந்து வரும் நோய், குணப்படுத்தக்கூடிய நோய் என்கிறது. பெண் குரல் ஃபுரூக்கினுடையது. அது வேத வசனமும் கவிதையுமாக வருகிறது. ஒன்று இல்லாமல் மற்றொன்று போதாது என்பதுதான் இந்தப் படத்தின் அரசியல். சிகிச்சையும் வேண்டும், அழகும் வேண்டும்.

வகுப்பறையில் அழகான பொருள்களைச் சொல்லச் சொன்னால் ஒரு பையன் நிலா, சூரியன், பூ, விளையாட்டு என்கிறான். அசிங்கமானவற்றைச் சொல்லச் சொன்னால் இன்னொரு பையன் கை, கால், தலை என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நாம் எங்கே போவது? தன் உடம்பையே அசிங்கம் என்று கற்றுக்கொடுத்த ஒரு சமூகத்தில் வளர்ந்த நாம் அதைச் சும்மா கடந்துபோக முடியாது. தொழுநோயும் தீண்டாமையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நோய்க்கு மருந்து இருக்கிறது. ஆனால் ஊருக்கு வெளியே ஒரு வேலி, அதற்கு உள்ளே மனிதர்கள், அதற்குக் 'காலனி' என்று ஒரு பெயர் என்றால் நமக்குப் பழக்கமான ஏற்பாடுதான். அந்தச் சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாகத் தமிழக அரசு 2025இல்தான் அறிவித்தது.

நான்காவது, அமெரிக்கா. அமெரிக்கப் படம் என்றதும் ஹாலிவுட்டை நினைக்காதீர்கள். ஹாலிவுட் இருக்கும் அதே லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில்தான் வாட்ஸ் என்கிற கறுப்பர் பகுதியும் இருக்கிறது. 1965இல் அங்கே பெரும் கலகம் வெடித்தது. அதே பகுதியில் சார்லஸ் பர்னெட் என்கிற மாணவர் வார விடுமுறைகளில், 10,000 டாலருக்கும் குறைந்த செலவில், தன் பட்டப்படிப்புக்கான படமாக எடுத்தது 'கில்லர் ஆஃப் ஷீப்'. 1977இல் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். பின்னணியில் வரும் பாடல்களுக்கு உரிமை வாங்கக் காசில்லாததால் படம் திரையரங்குக்கு வர 2007 ஆனது. முப்பது வருசம்.

ஸ்டான் என்பவன் ஆட்டுத்தொட்டியில் வேலை செய்கிறான். ஆடுகளை அறுப்பது, கொக்கியில் மாட்டுவது, கழுவிவிடுவது. தூக்கம் வருவதில்லை. படத்தில் போலீஸ் இல்லை, முழக்கம் இல்லை, வெள்ளை வில்லன் இல்லை. தோழர்கள் சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் சுரண்டல் என்பது ஒரு மனிதனின் தூக்கத்தில், மனைவியோடு ஆடும் ஆட்டத்தில், பாதியில் அவன் விலகிப்போய் நிற்கும் அந்த நிமிசத்தில் எப்படிக் குடியிருக்கிறது என்று இதைவிடத் துல்லியமாகக் காட்டிய படம் நான் பார்த்ததில்லை. ஒரு பழைய எஞ்சினைச் சிரமப்பட்டு மாடிப்படிகளில் தூக்கிவந்து வண்டியில் வைக்கிறார்கள். வண்டி நகர்ந்ததும் அது சரிந்து கீழே விழுந்து உடைகிறது. அவ்வளவுதான் காட்சி. நம்ம வாழ்க்கையில் எத்தனை எஞ்சின்கள்! இன்னொரு இடத்தில் ஸ்டான் சூடான கோப்பையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அந்த வெதுவெதுப்பு எதை நினைவூட்டுகிறது என்று சொல்கிறான், நண்பன் சிரிக்கிறான். ரத்தம் கழுவுகிற வேலைக்காரனுக்குள் ஒரு கவிஞன் இருப்பதை யாரும் விளம்பரம் பண்ணாமல் காட்டிவிட்டுப் போகிறது படம். அவனை யாராவது ஏழை என்றால் அவனுக்குக் கோபம் வரும். இறைச்சியோடும் தோலோடும் பிணைக்கப்பட்டு அதன் பேரால் இழிவு சுமத்தப்பட்ட நமக்கு, அந்த வேலையைச் செய்கிறவனை வாசத்தை வைத்து அளக்காமல் பார்க்கிற கேமரா ஒன்று தேவையாக இருக்கிறது.

இப்போது அந்த உருளைக்கிழங்குக்கு வரலாம். பெல்ஜியத்தின் சாந்தால் ஆகர்மான் 25 வயது நிரம்பும் முன்பே 1975இல் எடுத்த படம் 'ழான் தீல்மான்'. முழுத் தலைப்பில் அந்தப் பெண்ணின் பெயரோடு பிரஸ்ஸல்ஸ் வீட்டு முகவரியும் இருக்கும். ஓட்டம் 201 நிமிடம். ஒரு விதவை, ஒரு பையன், மூன்று நாட்கள். சமைக்கிறாள், படுக்கையைச் சரி பண்ணுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள், மதியம் பணத்துக்காக ஓர் ஆணை வரவேற்கிறாள், மறுபடி சமைக்கிறாள். கேமரா அசையாது. அவள் தோல் சீவி முடிக்கும்வரை நாமும் அங்கேயே இருக்க வேண்டும். 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் எல்லாக் காலத்துக்குமான சிறந்த படமாக இது முதலிடம் பெற்றது. ஒரு பெண் இயக்கிய படம் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை.

"போரடிக்குது" என்பீர்கள். ஆமாம், அடிக்கும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வேலை நடக்கும். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துபோகிறது. பானையைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் அறை அறையாக நடக்கிறாள். வேறு எந்தப் படத்திலும் சிரிப்பு வரவழைக்கும் அந்தக் காட்சி இங்கே வயிற்றைக் கலக்கும். ஏனென்றால் அவளுடைய ஒழுங்கு நம் உடம்புக்குள் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் நடப்பதைச் சொல்லமாட்டேன். சினிமா வழக்கமாக வெட்டி எறிகிற நேரம் எது? பெருக்குகிற நேரம், கழுவுகிற நேரம், காத்திருக்கிற நேரம். அதாவது உழைப்பின் நேரம். காதலுக்கும் சண்டைக்கும் எத்தனை நிமிடமும் கொடுப்பார்கள், பாத்திரம் கழுவுவதற்கு இரண்டு நொடி. ஆகர்மான் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார். இங்கே ஒரு விமர்சனமும் நமக்கு உண்டு. ழானுக்குத் தன் வீடு, தன் அடுப்பு, தன் கதவு என்று ஒன்று இருக்கிறது. நாலு வீட்டில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து ஐந்தாவதாகத் தன் வீட்டில் கழுவுகிற நம்ம அம்மாவின் 201 நிமிடத்தை யார் எடுப்பது? படம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பார்த்துவிட்டு நாம்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக, மறுபடியும் ஈரான். அப்பாஸ் கியாரோஸ்தமியின் 'க்ளோஸ்-அப்', 1990. நடந்த கதை. ஹொசைன் சப்ஜியான் என்கிற ஏழை, சினிமாப் பைத்தியம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளிடம் தன்னைப் புகழ்பெற்ற இயக்குநர் மக்மல்பாஃப் என்று சொல்லிக்கொள்கிறார். அந்த நடுத்தர வர்க்க வீட்டுக்குப் போகிறார், வருகிறார், உங்கள் வீட்டிலேயே படமெடுக்கப்போகிறேன் என்கிறார், கொஞ்சம் பணமும் வாங்குகிறார். மாட்டிக்கொள்கிறார், கைது, வழக்கு. செய்தி படித்த கியாரோஸ்தமி கேமராவோடு நீதிமன்றத்துக்கே போகிறார். பிறகு நடந்ததையெல்லாம் அந்தந்த மனிதர்களையே வைத்து நடித்துக் காட்டவும் செய்கிறார். எது நிஜம், எது நடிப்பு என்று நமக்குத் தடுமாறும்.

ஏன் அப்படிச் செய்தாய் என்ற கேள்விக்குச் சப்ஜியான் சொல்வதன் சாரம் இதுதான்: அந்தப் பெயரில் இருந்தபோது என் பேச்சைக் கேட்டார்கள், மதித்தார்கள். ராத்திரி வீடு திரும்பினால் நான் பழையபடி அதே ஏழை. அவருக்குத் தேவைப்பட்டது பணமல்ல, மரியாதை. பெயரை மாற்றிச் சொன்னால் கதவு திறக்கும் என்பதை வாடகைக்கு வீடு தேடிய நம்மில் பலர் அறிவோம். முடிவில் உண்மையான மக்மல்பாஃபே வந்து அவரை மோட்டார் பைக்கில் ஏற்றிக்கொண்டு, பூ வாங்கிக்கொடுத்து, அந்த வீட்டு வாசலுக்கு அழைத்துப்போகிறார். வாசலில் தன் சொந்தப் பெயரைச் சொல்கிறார் சப்ஜியான். உள்ளே இருப்பவர்களுக்கு அது யாரென்று தெரியவில்லை. மறுபடி அந்த இன்னொரு பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொந்தப் பெயருக்குக் கதவு திறக்காத மனிதனின் வலியை இதைவிடச் சிறிய காட்சியில் சொல்ல முடியுமா தெரியவில்லை.

கலைப்படம் என்பதாலேயே எதையும் கும்பிட வேண்டியதில்லை தோழர்களே. வறுமையை அழகான சாயங்காலமாகப் படம்பிடித்து வெளிநாட்டுக்கு விற்கிற கேமராக்களும் உண்டு. எந்தப் படமானாலும் சில கேள்விகளை வைத்துப் பாருங்கள். யார் பார்க்கிறார்கள், யார் பார்க்கப்படுகிறார்கள்? படம் யாருடைய நேரத்தை மதிக்கிறது? முடியும்போது நமக்கு இரக்கம் வருகிறதா, கோபம் வருகிறதா, பக்கத்து ஆளிடம் பேச வேண்டும்போல் இருக்கிறதா? மூன்றாவது வந்தால் அது நல்ல படம்.

தனியாக செல்போனில் ஓட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள். அஞ்சாறு பேர் சேர்ந்து, போனை அணைத்துவிட்டு, தள்ளாமல் பாருங்கள். ஃபுரூக்கின் 20 நிமிடத்தில் ஆரம்பியுங்கள். அடுத்து 'லா நுவார் து', 'மந்தாபி', பர்னெட், கியாரோஸ்தமி. ஆகர்மானைக் கடைசிக்கு வையுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு.

மொழி விசயத்துக்கு வருகிறேன் என்றேன். இந்தப் படங்களெல்லாம் நம் கைக்கு இங்கிலீஷ் எழுத்தோடுதான் வருகின்றன. இங்கிலீஷ் ஓடுகிற வேகத்துக்குப் படிக்க முடிந்தவன் பார்க்கிறான், முடியாதவன் எழுந்து போகிறான். பிறகு 'நம்ம மக்களுக்கு இதெல்லாம் புரியாது'ன்னு தீர்ப்பு எழுதுகிறோம். செம்பேன் நாற்பது வயதில் பேனாவோடு கேமராவையும் எடுத்தது இந்தத் தீர்ப்பை மறுக்கத்தான். கேமரா வாங்க நம்மகிட்ட காசில்லை, சரி. தமிழில் சப்-டைட்டில் எழுத ஒரு கணினியும் ரெண்டு பேரும் போதும். இங்கே மொழிபெயர்க்கத் தெரிந்த மாணவர்கள் இருக்கிறீர்கள். அதை இலக்கியச் சேவை என்று நினைக்காதீர்கள், துண்டறிக்கை அடிப்பதுபோல ஒரு இயக்க வேலையாக நினையுங்கள்.

இன்றைக்குத் திரையிடுவது ஃபுரூக்கின் படம். தமிழ் எழுத்து இன்னும் இல்லை. வசனத்தைத் தமிழாக்கி வைத்திருக்கிறேன், படம் ஓடும்போது வாசிக்கிறேன். பின்வரிசையில் கேட்கவில்லை என்றால் கை தூக்குங்கள். முடிந்ததும் பேசுவோம், முதலில் பெண் தோழர்கள் ஆரம்பிக்கட்டும். அடுத்த கூட்டத்துக்குள் இதற்குச் சப்-டைட்டில் எழுத ரெண்டு பேர் வேணும். பெயர் கொடுக்கிறவங்க கொடுங்க.

விளக்கை அணைக்கலாம்.